ஆபீஸும் விருந்தாளி ரூமும் ஒரே ரூம், அதுவும் பகல்லயே இருட்டு, என்ன பண்ணலாம்?

குடந்தைக்காரி:

எல்லாருக்கும் வணக்கம், ரொம்ப நாளா இங்க படிச்சுட்டு மட்டும் இருந்தேன், இன்னிக்குத்தான் கேக்கறேன். கொஞ்சம் நீளமா போகும், பொறுமையா படிச்சுட்டு சொல்லுங்க.

எங்க வீடு கும்பகோணத்துல, மகாமகக் குளத்துலேந்து நடந்தே வந்துடலாம். பழைய வீடு. திண்ணை, ரேழி (வாசக்கதவுக்கு உள்ள இருக்கற நடை), முற்றம், கூடம்னு நீளமா போகும், ஒரு பக்கம் பொதுச்சுவர், இன்னொரு பக்கம் மூணடி சந்து. கூடத்தை ஒட்டி ஒரு ரூம், 11க்கு 9 அடி. மாமா இருந்தவரைக்கும் அவரோட ரூம், அவர் தவறி ரெண்டு வருஷம் ஆயிடுச்சு. இப்ப அதுலதான் நான் வேலை பாக்கறேன். சென்னை கம்பெனி, மெடிக்கல் பில்லிங், வீட்லேந்தே வேலை, மதியம் ஒன்றரைக்கு உக்காந்தா எந்திரிக்க ராத்திரி பத்தரை ஆகும். யாராவது வந்தா படுக்கறதும் அதே ரூம்தான், வேற கிடையாது.

கும்பகோணத்துல வீடு இருந்தா ஆளுங்க வரதுக்கு குறைவே இருக்காது. ஆலங்குடி, திருநாகேஸ்வரம், கஞ்சனூர், சூரியனார்கோயில்னு நவக்கிரகம் சுத்தறவங்க எல்லாருக்கும் இங்க தங்கினாத்தான் வசதி. எனக்கு வீட்டுக்கு ஆள் வரது ரொம்ப பிடிக்கும், அதை முதல்லயே சொல்லிடறேன், ஆனா வந்தவங்களை அந்த ரூம்ல படுக்கச் சொல்லத்தான் மனசு கூசுது.

ரூம்ல என்னென்ன இருக்குன்னா, மாமாவோட இரும்புக் கட்டில் (ஆறேகாலுக்கு நாலு), கண்ணாடி வச்ச ஸ்டீல் பீரோ, அத்தையோட தையல் மிஷின், ட்ரங்குப் பெட்டி ரெண்டு, அரிசி மூட்டை மூணு, இன்வெர்ட்டர் பேட்டரி, என் டேபிள் சேர், அப்புறம் பரண் முழுக்க பித்தளையும் வெங்கலமும், அண்டா, தவலை, அடுக்கு, கூஜா, எல்லாம் அத்தைக்கு வந்த சீர். ஜன்னல் ஒண்ணே ஒண்ணு, சந்தைப் பாத்து. அதுலயும் பாதியை பீரோ மறைச்சுட்டு நிக்குது, மீதி பாதியில பாத்தா எதிர்ல பக்கத்து வீட்டு சுவர் பாசி புடிச்சு கன்னங்கரேல்னு இருக்கு. தரை பழைய காவித் தரை, மச்சு மெட்ராஸ் டெரஸ், அதாவது தேக்கு உத்தரத்து மேல செங்கல் அடுக்கினது, அதுவும் கருப்பு. பகல் பன்னண்டு மணிக்கே லைட் போட்டுத்தான் உக்காரணும், வீடியோ கால்ல என் மூஞ்சியே தெரியலன்னு டீம்ல சொல்றாங்க. சுவர்ல கீழேந்து ரெண்டடிக்கு உப்பு பூத்து காரை உதிருது, இந்த கார்த்திகை மழைக்கு இன்னும் மோசம்.

கையில 25 ஆயிரம் இருக்கு. நாத்தனார் குடும்பம் மாசி மகத்துக்கு வராங்க, அதுக்குள்ள ஏதாவது பண்ணணும். சோபா கம் பெட் வாங்கலாமா, சுவருக்கு என்ன கலர் அடிக்கலாம், இதெல்லாம் ஒரு பக்கம். அத்தை எதையும் வெளியில போடக் கூடாதுன்னு இருக்காங்க, அவங்க மனசு நோகாம எப்படி ஆரம்பிக்கறதுன்னுதான் எனக்கு பெரிய கேள்வி.

தேரடி_திருவாரூர்:

வணக்கம் அக்கா, நானும் அஞ்சு வருஷமா வீட்லேந்துதான் வேலை, இதே பிரச்சினை எனக்கும் இருந்துச்சு அதனால எழுதறேன்.

வாங்கறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. போன வருஷம் உங்க வீட்ல விருந்தாளி படுத்த ராத்திரி மொத்தம் எத்தனை? காலண்டரை எடுத்து பொங்கல், மாசி மகம், லீவு, கல்யாணம்னு ஒவ்வொண்ணா எண்ணுங்க. எங்க வீட்ல நான் எண்ணினப்ப 23 வந்துச்சு. அந்த 23 ராத்திரிக்காக ஒரு பெரிய கட்டில் 365 நாளும் ரூம்ல நின்னுட்டு இருந்துச்சு. உங்க ரூம் 99 சதுர அடி, அந்தக் கட்டில் மட்டும் 25, அதாவது கால்வாசி ரூம் போச்சு. டேபிள் நாலுக்கு ரெண்டுன்னா 8, பீரோ ஒரு நாலரை, மிஷின், மூட்டை, பெட்டி எல்லாம் போனா நீங்க நடக்கற இடம் என்ன மிஞ்சும்னு பாருங்க.

சோபா கம் பெட் வேணாம் அக்கா. நான் வாங்கினேன், ரெண்டே மழைக்காலம், உள்ள இருக்கற இரும்பு துரு புடிச்சு இழுக்கவே முடியல, ஃபோம்ல ஒரு ஈர வாசனை வந்துடுச்சு, வெயில்ல தூக்கிப் போடலாம்னா ரெண்டு ஆள் வேணும். நம்ம ஊர் காத்துல எதையுமே வெயில் காட்டற மாதிரி வச்சுக்கணும். அடியில பெட்டி வச்ச திவான் கட்டிலும் அப்படித்தான், உள்ள வச்ச போர்வை எல்லாம் கார்த்திகை மார்கழியில பூஞ்சை வாடை அடிக்கும். இப்ப என்கிட்ட இருக்கறது மடக்குக் கட்டில், ஆறுக்கு ரெண்டரை, நைலான் நாடா போட்டது, மடிச்சா கதவுக்குப் பின்னாடி நின்னுக்கும். அதுக்கு மேல மெல்லிசா ஒரு இலவம்பஞ்சு மெத்தை, வெயில்ல போட்டு எடுத்தா புதுசு மாதிரி ஆயிடும். பெரியவங்களுக்கு கட்டில், சின்னவங்களுக்கு கோரைப்பாய் ஜமக்காளம், போதும். பாய் வாங்கறதா இருந்தா சீர்காழி தாண்டி கொள்ளிடம் போற ரோட்டுல தைக்கால்னு ஒரு ஊர் இருக்கு, ரெண்டு பக்கமும் பிரம்புக் கடையும் பாய்க் கடையும்தான், அங்க பாருங்க. வெளிர் நிறமா எடுத்தீங்கன்னா அந்தக் காவித் தரையோட இருட்டும் கொஞ்சம் குறையும்.

டேபிளை ஜன்னலுக்கு பக்கவாட்டுல போடுங்க, வெளிச்சம் இடது கைப்பக்கத்துலேந்து வரணும். ஜன்னலுக்கு முதுகு காட்டி உக்காந்தா வீடியோ கால்ல மூஞ்சி கருப்பாத்தான் தெரியும், நேரா பாத்து உக்காந்தாலும் சாயங்காலம் கண்ணு வலிக்கும். பீரோவை ஜன்னல்லேந்து எடுத்து எதிர்ச் சுவருக்கு, கதவுப் பக்கம் தள்ளுங்க, அதுல கண்ணாடி இருக்குன்னு சொன்னீங்கல்ல, அது ஜன்னலைப் பாத்து நின்னா வர வெளிச்சத்தை திருப்பி ரூமுக்குள்ள அடிக்கும், இதுக்கு அஞ்சு காசு செலவு இல்ல.

இன்னொண்ணு, பத்தரை வரைக்கும் வேலைன்னு சொல்றீங்க, வந்தவங்க ஒம்பது மணிக்கே படுக்கப் பாப்பாங்க. அதனால அவங்க இருக்கற நாள்ல உங்க ஆபீஸ்தான் நகரணும். நான் லேப்டாப், சார்ஜர், ஹெட்செட், நோட்டு எல்லாம் ஒரே பிரம்புக் கூடையில வச்சிருக்கேன், ஆள் வந்தா கூடையைத் தூக்கிட்டு ரேழிக்குப் போயிடுவேன். அங்க ஒரு பிளக் பாயின்டும் ஒரு லேன் வயரும் முன்னாடியே இழுத்து வச்சிருக்கேன்.

ரிட்டயர்டு_ஓவர்சியர்:

அம்மா, நான் கட்டட வேலையில 34 வருஷம் இருந்தவன், வெளிச்சத்தை விட எனக்கு அந்த ஓதம்தான், சுவர்ல ஏறற ஈரம்தான், முதல்ல கண்ணுல படுது. ஓதத்துக்கு மேல எந்த கலர் அடிச்சாலும் ஒரு மழைக்குத்தான் நிக்கும், காசு வீண்.

முதல்ல தண்ணி எங்கேந்து வருதுன்னு பாருங்க. சந்துப் பக்கம் போயி ஒரு குச்சியால அளந்து பாருங்க, சந்து மண்ணு உங்க ரூம் தரையை விட உசரமா இருக்கா? பழைய வீடுகள்ல பெரும்பாலும் இதுதான் காரணம், வருஷம் வருஷமா சருகும் மண்ணும் இடிஞ்ச காரையும் சேந்து மேடு தட்டிப் போயிருக்கும், மழைத் தண்ணி சுவருக்குள்ளதான் இறங்கும். அந்த மண்ணை தரை மட்டத்துக்கு அரை அடி கீழ போற மாதிரி வெட்டி எடுத்து, தண்ணி தெருப் பக்கமோ கொல்லைப் பக்கமோ ஓடற மாதிரி வாட்டம் கொடுக்கணும். மாடித் தண்ணி இறங்கற குழாய் அங்க உடைஞ்சிருக்கான்னும் பாருங்க.

உள்பக்கம் உப்பு பூத்த காரையை செங்கல் தெரியற வரைக்கும் தட்டி எடுத்துட்டு ஒரு மாசம் சும்மா காய விடுங்க. அப்புறம் சுண்ணாம்புக் காரையே பூசுங்க. சிமெண்ட் பூசினா பளிச்சுனு இருக்கும், ஆனா உள்ள இருக்கற ஈரம் வெளியில வர வழி இல்லாம அதுக்கு மேல ஏறி மூணாவது அடியில உப்பு பூக்கும், இதை நான் எத்தனையோ வீட்ல பாத்துட்டேன். பட்டி பாத்து பிளாஸ்டிக் எமல்ஷன் அடிக்கறதும் அதே கதைதான், பழைய சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடணும். நல்லா நீத்த சுண்ணாம்பு, துளி நீலம், கையில ஒட்டாம இருக்க கொஞ்சம் பசை, மூணு கை அடிங்க. சுண்ணாம்பு வெள்ளை மாதிரி வெளிச்சத்தை பரப்பிக் கொடுக்கற கலர் வேற இல்லைங்கறது என் அபிப்ராயம். மச்சுல உத்தரத்தை அப்படியே விட்டுட்டு நடுவுல இருக்கற செங்கல் பகுதியை மட்டும் வெள்ளை அடிச்சாலே பாதி ரூம் மாறிடும்.

ஜன்னலுக்கு ரெண்டு விஷயம். உங்க சுவர் ஒண்ணரை அடி கனம் இருக்கும், ஜன்னலோட உள்பக்கத்து நாலு ஓரமும் அந்த அளவுக்கு ஆழமா இருக்கும், அதுல வெளிச்சம் பட்டுத்தான் உள்ள வருது. அந்த ஓரங்களை தனியா தேச்சு நல்ல வெள்ளை அடிங்க. ரெண்டாவது, எதிர்ல இருக்கற அந்தக் கருப்புச் சுவர். மூணடி சந்துல வானத்தோட வெளிச்சம் நேரா உங்க ஜன்னலுக்கு வராது, எதிர்ச் சுவர்ல பட்டு திரும்பித்தான் வரும். அது கருப்பா இருந்தா எல்லாத்தையும் அதுவே குடிச்சிடும். பக்கத்து வீட்டுக்காரங்களைக் கேட்டு, ஜன்னலுக்கு நேரா பத்தடிக்குப் பத்தடி நீங்களே வெள்ளை அடிச்சுக் கொடுங்க. பாசியை காய்ஞ்சிருக்கும்போது சுரண்டிட்டு, ப்ளீச்சிங் பவுடர் தண்ணி தெளிச்சு, ரெண்டு நாள் கழிச்சு சுண்ணாம்பு. பொங்கலுக்கு எல்லாரும் வெள்ளை அடிக்கற சமயம், கேட்டா யாரும் வேணாம்னு சொல்ல மாட்டாங்க.

சுவர்ல ஆணி அடிச்சு தொங்கற ஷெல்ஃபோ மடக்கு டேபிளோ போட வேணாம், சுண்ணாம்புக் காரையில ஸ்க்ரூ பிடிக்காது, கனம் தாங்காம காரையோட பேர்ந்து வந்துடும். தரையில கால் ஊணி நிக்கற சாமான்தான் பழைய வீட்டுக்கு.

கடைசியா அந்த இன்வெர்ட்டர் பேட்டரி. ஆள் படுக்கற ரூம்ல அது இருக்கவே கூடாது. தண்ணி ஊத்தற லெட் ஆசிட் பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வரும், ஜன்னல் பாதி மூடின ரூம்ல ராத்திரி கதவைச் சாத்திட்டு படுக்கறது நல்லதில்ல, பக்கத்துல ஊதுவத்தி, கொசுவத்தி கொளுத்தினா இன்னும் ஆபத்து. காத்தோட்டமா இருக்கற ரேழி மூலைக்கு மாத்துங்க, எலக்ட்ரீஷியனுக்கு அரை நாள் வேலை. நீங்க எது பண்ணினாலும் பண்ணாட்டியும் இதை இந்த வாரமே பண்ணிடுங்கம்மா.

குடந்தைக்காரி:

ஓவர்சியர் சார், படிச்சதும் சந்துல போயி பாத்தேன், மண்ணு ரூம் தரையை விட ஒரு சாண் உசரம் இருக்கு! மாடித் தண்ணி குழாயும் பாதியில உடைஞ்சு நேரா சுவர்ல அடிக்குது. பேட்டரியை நாளைக்கே மாத்தச் சொல்லியாச்சு. தம்பி நீங்க சொன்ன மாதிரி எண்ணினோம், 41 ராத்திரி வருது, நான் நூறுக்கு மேல இருக்கும்னு நினைச்சுட்டு இருந்தேன். ஆனா அந்தக் கட்டில் மாமா கடைசி எட்டு மாசம் படுத்த கட்டில், அதை எடுக்கணும்னு அத்தைகிட்ட எந்த வாயால சொல்றதுன்னு தெரியல.

மாயவரத்து_அக்கா:

கண்ணு, உன் கேள்வியில கடைசி வரிதான் எனக்கு மனசுல நின்னுச்சு, அதுக்கு மட்டும் சொல்றேன், சுவர் எல்லாம் அவங்க சொல்லிட்டாங்க.

எனக்கும் மாமியார் பாத்திரம் பரண்ல இருந்துச்சு, இப்ப எனக்கே மருமக வந்தாச்சு, அதனால ரெண்டு பக்கமும் தெரியும். அவங்ககிட்ட "இதை எடுத்துடலாமா" ன்னு கேக்காத. அப்படிக் கேட்டா இல்லைன்னுதான் வரும், நானா இருந்தாலும் அப்படித்தான் சொல்லுவேன். பரண்லேந்து ஒவ்வொண்ணா இறக்கி, கூடத்துல ஜமக்காளம் விரிச்சு வச்சு, அவங்களை உக்கார வச்சு "இது யார் கொடுத்தது அத்தை" ன்னு கேளு. அவங்க சொல்லட்டும். தவலையோட கழுத்துல பேர் வெட்டியிருக்கும், தேதி கூட இருக்கும், அதை வாசிச்சுக் காட்டு. ஒரு நாள் ஆகும், ரெண்டு நாள் ஆகும், ஆகட்டும். என் மாமியார் அப்படி உக்காந்த அன்னிக்கு, பதினேழு பாத்திரத்துல நாலை மட்டும் இது எங்க அம்மாவோடதுன்னு தனியா எடுத்து வச்சுட்டு, மீதியை நாத்தனாருங்களுக்கும் பேத்திக்கும் அவங்களே பங்கு பிரிச்சாங்க. ஒரு அண்டா கோயில் அன்னதானத்துக்குப் போச்சு. நாம கேட்டிருந்தா ஒரு கரண்டி கூட நகர்ந்திருக்காது. காயலான் கடைக்கு எடைக்குப் போடற பேச்சை மட்டும் எடுக்கவே எடுக்காத, அது அவங்க கல்யாணத்தையே எடைக்குப் போடற மாதிரி.

எடுத்து வச்சதை மறுபடி பரண்ல ஏத்தாம புழக்கத்துக்குக் கொண்டு வா. அடுக்குல ஒண்ணு உன் டேபிள்ல பேனா வைக்க, சின்ன அண்டாவுல தண்ணி ஊத்தி பூ போட்டு முற்றத்துல வை. ஈயம் பூசிட்டா பித்தளைப் பானையில பொங்கலே வைக்கலாம், நம்ம ஊர்ல இன்னும் ஈயம் பூசறவங்க இருக்காங்க.

கட்டிலுக்கு அவசரப்படாத. அது வீட்டை விட்டுப் போக வேணாம், ரூமை விட்டுப் போனா போதும். "வெள்ளை அடிக்கணும் அத்தை, அதுவரைக்கும் கூடத்துல போட்டுக்கலாம்" னு சொல்லு. கூடத்துல கிடந்தா அவங்களே மதியத்துல அதுல சாய ஆரம்பிப்பாங்க, அப்புறம் அது அவங்க கட்டில் ஆயிடும். அரிசி மூட்டையும் அங்கேயே ஒரு பலகை மேல போயிடட்டும், நொச்சி இலையும் வேப்பிலையும் போட்டு வச்சா வண்டு வராது, படுக்கற ரூம்ல மூட்டை இருந்தா எலி நிச்சயம்.

அப்புறம் வரவங்களுக்கு என்ன வேணும்னு யோசிச்சுப் பாரு. நான் நிறைய வீட்ல போயி தங்கினவ. பெரிய மெத்தை எல்லாம் யாரும் எதிர்பாக்கல. சட்டை மாட்ட ரெண்டு கொக்கி, பையை தரையில வைக்காம வைக்க ஒரு முக்காலி, பீரோவுல காலியா ஒரே ஒரு தட்டு, தலைமாட்டுல போன் சார்ஜ் போட ஒரு பிளக், ராத்திரி தண்ணிக்கு ஒரு கூஜா. இது அஞ்சும் இருந்தா அவங்க "நம்மளை எதிர்பாத்துட்டு இருந்திருக்காங்க" ன்னு நினைப்பாங்க. பழைய வீடுன்னா சுவர்ல மாடம் இருக்குமே, விளக்கு மாடம், அதை சாமான் அடைக்கற இடமா வச்சிருப்ப, காலி பண்ணி வரவங்க கண்ணாடி, மருந்து வைக்க விட்டுடு.

லைட்டு_வேலை:

நான் பாபநாசம், எலக்ட்ரிக்கல் வேலை. லைட்டைப் பத்தி யாரும் சொல்லல அதனால நான் சொல்றேன், ஏன்னா உங்க வேலை நேரத்துல கிட்டத்தட்ட பாதி ராத்திரிதான், சூரிய வெளிச்சம் எவ்வளவு வந்தாலும் ஆறரைக்கு மேல லைட்டுதான் கதி.

கடையில சும்மா ஒரு பல்பு கேட்டா 6500 கெல்வின்தான் எடுத்துக் கொடுப்பாங்க, அது நீலம் கலந்த வெள்ளை, டப்பா மேல சின்னதா போட்டிருக்கும் பாருங்க. வேலை செய்ய 4000 கேட்டு வாங்குங்க, கண்ணுக்கு உறுத்தாது, மூஞ்சியும் வீடியோ கால்ல மனுஷ நிறமா தெரியும். படுக்கறவங்களுக்கு 3000, மஞ்சள் சாயல், தனி ஸ்விட்ச். நாலடி எல்ஈடி ட்யூப் 20 வாட்ஸ் ஒண்ணு சுமார் 2000 லூமன் கொடுக்கும், உங்க 99 சதுர அடிக்கு வெள்ளைச் சுவர்னா அதுவே தாராளம், ஆனா அதை உங்க தலைக்குப் பின்னாடி மாட்டினா உங்க நிழலே கீபோர்டுல விழும், டேபிளுக்கு முன்னாடிச் சுவர்ல மாட்டுங்க. டேபிள்ல கழுத்து வளையற ஒரு சின்ன லேம்ப். படுக்கறவங்க தலைமாட்டுல கை எட்டற தூரத்துல ஸ்விட்ச், புது இடத்துல ராத்திரி எந்திரிச்சா சுவர் சுவரா தடவிட்டு இருக்கக் கூடாது. ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல கம்ப்யூட்டர், ஃபேன், அயர்ன் பாக்ஸ் எல்லாத்தையும் போடாதீங்க, பழைய வீட்டு வயரிங் தாங்காது, பேட்டரி மாத்த ஆள் வரும்போதே எர்த் இருக்கான்னும் செக் பண்ணச் சொல்லிடுங்க.

மன்னைமதில்:

ட்ரங்குப் பெட்டின்னு சொன்னீங்க, அதுல பேப்பர்தான் இருக்கும், உங்க மாமா நிலம் வச்சிருந்தவரா? எங்க தாத்தா பெட்டியை நான் பிரிச்ச அனுபவத்துல சொல்றேன். மூலப் பத்திரம், பாகப்பிரிவினைப் பத்திரம், உயில், பழைய கடன் தீர்ந்த ரசீது, நகைக் கடன் முடிச்ச சீட்டு, இதெல்லாம் எவ்வளவு கிழிஞ்சிருந்தாலும் அசல் அப்படியே இருக்கணும், மடிக்காம தனித்தனி உறையில போட்டு பீரோ மேல் தட்டுல வைங்க, கீழ்த் தட்டு வேணாம், கரையான் சுவர் வழியா ஏறும். பத்திரம் தொலைஞ்சா போலீஸ்ல புகார், பேப்பர்ல விளம்பரம்னு அலைச்சல். ஆனா பட்டா சிட்டா நகல் கட்டு கட்டா இருக்கும் பாருங்க, அதை எல்லாம் வச்சிருக்க வேண்டியதில்ல, கவர்மெண்ட் வெப்சைட்லயே எப்ப வேணா எடுத்துக்கலாம், வில்லங்கச் சான்றும் பதிவுத்துறை சைட்ல பாத்துக்கலாம். உர ரசீது, பழைய கரண்ட் பில், பத்து வருஷத்துக்கு முந்தின கல்யாணப் பத்திரிகை எல்லாம் அத்தையைக் கேட்டுட்டு எடுத்துடுங்க. எதை எடுத்தாலும் முன்னாடி போன்ல ஒரு போட்டோ.

ஓலைச்சுவடி ஏதாவது கிடைச்சா கிழிசல்தானேன்னு தூக்கிப் போட்டுடாதீங்க. ஆடிப்பெருக்குக்கு பழைய ஏட்டை எல்லாம் காவேரியில விட்ட ஊருங்க நம்மளோடது, அப்படிப் போனது எவ்வளவுன்னு நினைச்சா வயிறு எரியுது. தஞ்சாவூர்ல சரஸ்வதி மகால் நூலகம் இருக்கு, தமிழ்ப் பல்கலைக்கழகத்துல ஓலைச்சுவடித் துறை இருக்கு, அங்க கொண்டு போயி காட்டுங்க. வெறும் ஜாதகமாவே இருந்தாலும் ஒரு தடவை காட்டிட்டு முடிவு பண்ணுங்க.

குடந்தைக்காரி:

பொங்கல் முடிஞ்சு எழுதறேன், மன்னிச்சுக்கங்க, லேட் ஆயிடுச்சு. எல்லாருக்கும் பதில் சொல்லியே ஆகணும்.

முதல்ல சந்து மண்ணை எடுத்தோம், ரெண்டு ஆள் ஒரு நாள், எத்தனை வண்டி மண்ணுன்னு நம்பவே முடியல. குழாயை மாத்தியாச்சு. மார்கழி முழுக்க சுவரை செங்கல் தெரிய காய விட்டோம், நான் அந்த மாசம் ரேழியில உக்காந்துதான் வேலை பாத்தேன், அதுவே பழகிடுச்சு, தம்பி சொன்ன கூடை வாங்கியாச்சு. சுண்ணாம்புக் காரை தெரிஞ்ச கொத்தனார் கிடைக்கத்தான் கஷ்டமா இருந்துச்சு, கேட்ட நாலு பேர்ல மூணு பேர் சிமெண்ட் போட்டுடலாம்மான்னுதான் சொன்னாங்க, கடைசியில கோயில் திருப்பணிக்குப் போற ஒரு பெரியவர் வந்து பண்ணிக் கொடுத்தார். வெள்ளை மூணு கை. மச்சுலயும் உத்தரத்துக்கு நடுவுல அடிச்சாச்சு.

பக்கத்து வீட்டு சுவரைத்தான் நான் நம்பாம கேட்டேன் சார், கேட்டதும் அவங்க முழுச் சுவரையும் நாங்களே அடிச்சிடறோம், ஆள்தான் வந்திருக்கேன்னு சொல்லிட்டாங்க. அடிச்ச அன்னிக்கு சாயங்காலம் நாலு மணிக்கு ரூம் கதவைத் திறந்தேன், லைட் எரியுதுன்னு நினைச்சு ஸ்விட்சைத் தேடிப் போயி அணைக்கப் பாத்தேன், அது ஆஃப்லதான் இருந்துச்சு. பீரோ கண்ணாடி இப்ப ஜன்னலைப் பாத்து நிக்குது.

பாத்திரத்துக்கு மூணு நாள் ஆச்சு அக்கா. அத்தை சொன்ன கதை எல்லாம் நான் இந்த வீட்டுக்கு வந்து பன்னண்டு வருஷத்துல கேட்டதே இல்ல. ஒரு தவலையில 1964ன்னு வெட்டியிருக்கு, அவங்க பாட்டி பேரோட. ஆறு எடுத்து வச்சாங்க, நாத்தனாருக்கு ஒரு பங்கு கட்டி வச்சிருக்காங்க, ரெண்டு பெரிய அண்டாவை எங்கேயும் கொடுக்க மனசு வரல, அது திரும்ப பரணுக்கே போயிடுச்சு, அதுல எனக்கு வருத்தம் இல்ல. பெட்டியில ஓலை ஒண்ணும் கிடைக்கல, ஆனா 1971 பாகப்பிரிவினைப் பத்திரம் அசல் கிடைச்சுது, அதை எங்க வீட்டுக்காரர் ரெண்டு வருஷமா தேடிட்டு இருந்தார். மொத்தம் 21 ஆயிரம் செலவு, மடக்குக் கட்டில், லைட், வயரிங் எல்லாம் சேத்து.

கட்டில் கூடத்துல கிடக்கு. முதல் ஒரு வாரம் அத்தை அது பக்கமே போகல, எனக்கு பயமா இருந்துச்சு, தப்பு பண்ணிட்டோமோன்னு. அப்புறம் ஒரு நாள் மதியம் ஆபீஸ் கால் முடிச்சுட்டு வெளியில வந்து பாத்தா அதுல படுத்து தூங்கிட்டு இருந்தாங்க. தையல் மிஷினும் இப்ப முற்றத்து வெளிச்சத்துல அவங்க பக்கத்துலதான் இருக்கு. ரெண்டாவது ட்ரங்குப் பெட்டி முழுக்க மாமாவோட வேஷ்டி, அதை நான் திறக்கக் கூட இல்ல, அப்படியே வச்சிருந்தேன். போன வாரம் அவங்களே திறந்து, ஜன்னலுக்கு ஒண்ணும் போடலையே, நாத்தனார் வந்தா படுக்கையில சந்துல போறவங்களுக்குத் தெரியுமேன்னு சொல்லிட்டு, நாலு முழ வேஷ்டியில ரெண்டு எடுத்து கர்ட்டன் தச்சுட்டாங்க. கரை கீழ வர மாதிரி. இப்ப அதைப் போட்டுட்டுத்தான் எழுதறேன், மறைப்பும் ஆச்சு, வெளிச்சமும் அப்படியே வருது. மூணாவது வேஷ்டியை தலைகாணி உறைக்கு வெட்டிட்டு இருக்காங்க, மிஷின் சத்தம் கேக்குது.